ராத்திரி கேமராவில் திருடன் முகம் ஏன் வெள்ளையாகப் போகிறது?

கேள்வி இதுதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு. அம்மா மட்டும் இருக்கிறார், மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான்கு கேமரா போட்டு இரண்டு வருடம் ஆகிறது. எல்லாம் 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ். போன மாதம் ராத்திரி இரண்டரை மணிக்கு, போர்டிகோவில் நின்ற பைக்கை ஒருவன் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். பதிவில் ஆள் இருக்கிறான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுதான் இருக்கிறது. பக்கத்துச் சந்துக் கேமராவில் சுவர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது, சந்து இருட்டு. மாட்டுக் கொட்டகையில் இருக்கும் டோம் கேமராவிலிருந்து (அரை உருண்டை பிளாஸ்டிக் மூடி போட்டது) ராத்திரி முழுக்கப் போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, திறந்து பார்த்தால் பூச்சி. கொல்லைக் கேமரா இரவானால் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடைக்காரர் நான்கையும் கழற்றிவிட்டு 8 மெகாபிக்சல் போடச் சொல்கிறார். போடலாமா?

தம்பி, இப்போதைக்கு வேண்டாம். நான்கு கேமராவுக்கும் நான்கு வேறு வேறு கோளாறு. 8 மெகாபிக்சல் வாங்கி அதே இடத்தில் மாட்டினால் அதே வெள்ளைத் திட்டு இன்னும் பெரிய ஃபைலாகப் பதிவாகும், அவ்வளவுதான். நான் திருவாரூர், திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் பல வருடமாகக் கேமரா மாட்டுகிறவன். "ராத்திரிப் படம் சரியில்லை" என்று கூப்பிடுகிற வீடுகளுக்கு நான் முதலில் எடுத்துப் போவது ஏணியும் ஒட்டடைக் குச்சியும்தான்.

பைக் போன கேமராவிலிருந்து ஆரம்பிப்போம்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், கேட்டிருப்பார். பகலில் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி வடிகட்டி நிற்கிறது. அது அகச்சிவப்பு ஒளியை (நாங்கள் ஐஆர் என்போம்) உள்ளே விடாது. விட்டால் பகல் நிறங்கள் கெட்டுவிடும். இருட்டினதும் அந்த வடிகட்டி விலகும், லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் எல்இடிகள் எரியும், படம் கறுப்பு வெள்ளையாகும். அதாவது ராத்திரியில் கேமரா தன் கையிலுள்ள டார்ச்சை அடித்துத்தான் பார்க்கிறது. ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போனவர்களுக்கு டார்ச் வெளிச்சம் எப்படி என்று தெரியும். காலடி வரப்பு கண்ணைக் கூசும், நாலு வயல் தள்ளி ஒன்றும் தெரியாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசிதான்.

உங்கள் போர்டிகோ கேமரா எதைப் பார்க்கிறது? கொஞ்சம் வாசல், கொஞ்சம் தெரு, எதிரே முழுக்க வயல். படத்தில் முக்கால்வாசி இருட்டு. கேமரா ஒட்டுமொத்தப் படத்தின் சராசரியை வைத்துத்தான் எவ்வளவு வெளிச்சத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறது. எங்கும் இருட்டாக இருக்கவே, முழுசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் எட்டடி தூரத்தில் ஒருவன் வந்து நின்றால் அவன் முகத்தில் டார்ச் முழு வேகத்தில் அடிக்கிறது, முகம் வெளுத்துப் போகிறது. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் இது இன்னும் மோசமாகும். நின்ற தண்ணீர் ஐஆர் ஒளியைக் கண்ணாடி மாதிரி அந்தப் பக்கமே தள்ளிவிடும், கேமராவுக்கு ஒன்றும் திரும்பி வராது. படத்தில் வயல் தார் ஊற்றினது போல் இருக்கும்.

வெளுத்துப் போன இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகவில்லை. அதை எந்த சாஃப்ட்வேரும் மீட்காது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி நடக்காமல் இருக்க, கேமராவை நன்றாகக் கீழே சாயுங்கள். வயலும் வானமும் படத்தை விட்டுப் போகட்டும். உங்களுக்கு வேண்டியது வாசலும் பைக்கும்தான், எதிர் வயலில் நடக்கிறவன் இல்லை. அப்புறம் மெனுவில் 'ஸ்மார்ட் ஐஆர்' என்று ஒன்று இருக்கும். ஆள் கிட்டே வந்தால் எல்இடியின் வேகத்தைத் தானாகக் குறைக்கும். அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். பழைய அனலாக் கேமராவில் இந்த மெனுவே எங்கே என்று பலருக்குத் தெரியாது. டிவிஆரில் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) 'பிடிஇசட்' (PTZ) என்ற பக்கத்துக்குள் போனால் கேமராவின் சொந்த மெனு திறக்கும். மிக மலிவான கேமராவில் அதுவும் இருக்காது.

சரி, முகம் வெளுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் தெரிந்திருக்குமா? இங்கேதான் கணக்கு வருகிறது. கடையில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். 5 மீட்டர் தூரத்தில் அது பார்க்கிற அகலம் சுமார் 12 மீட்டர். 2 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள். 12 மீட்டருக்கு அதைப் பங்கிட்டால் மீட்டருக்கு 160 புள்ளி. மனித முகம் 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் முகத்துக்குக் கிடைப்பது 24 புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது கேமராத் துறையில் பரவலாக வைத்திருக்கும் அளவு. உங்கள் லென்ஸில் அது 3 மீட்டருக்குள்தான் கிடைக்கும். அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 50 டிகிரியாகக் குறுகும், ஆனால் 8 மீட்டர் வரை அந்த 250 கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லோரும் 2.8 வாங்குகிறார்கள். அதில் ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. வாசலுக்கு அகலக் கேமரா ஒன்று, கேட்டை மட்டும் குறி வைத்து 6 மி.மீ. ஒன்று, இப்படிப் பிரித்துவிடுவதுதான் என் பழக்கம். இரண்டாவதை மட்டும் நீங்கள் புதிதாக வாங்கலாம், அதுவும் 2 அல்லது 4 மெகாபிக்சல் போதும்.

8 மெகாபிக்சல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், விலை குறைந்த மாடல்களில் சென்சாரின் அளவு அநேகமாக அதேதான் இருக்கும். அதே தட்டை நான்கு மடங்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குக் கால்வாசி. ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட கேமரா கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், படம் பொரிபொரியாகும். பகலில் அழகாக இருக்கும். நீங்கள் வாங்குவது பகலுக்கு இல்லையே.

இன்னொரு சின்ன ஏமாற்று. மலிவான டிவிஆர்களில் '1080என்' அல்லது '1080பி லைட்' என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. பெயரில் 1080 இருக்கும், குறுக்கே பதிவாவது 960 புள்ளிதான், பாதி. பல வீடுகளில் மாட்டின நாளிலிருந்து இப்படியே ஓடுகிறது. டிவிஆர் மெனுவில் பார்த்து, முழு 1080பி-க்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நொடிக்கு 12, 15 படமாகக் குறையலாம், பரவாயில்லை. சிங்கப்பூரிலிருந்து போனில் பார்க்கிறீர்கள் அல்லவா, அதிலும் கவனம் வேண்டும். போனுக்கு வருவது பெரும்பாலும் டேட்டா மிச்சம் பிடிக்கும் சின்னப் படம், ஹார்டு டிஸ்க்கில் பதிவாகும் பெரிய படம் இல்லை. போனில் மங்கலாக இருக்கிறது என்பதை வைத்துக் கேமராவைத் திட்டக் கூடாது. ஆப்பில் ஹெச்டி அல்லது மெயின் ஸ்ட்ரீம் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் எல்லோரிடமும் சொல்லி, பாதிப் பேர் கேட்காத விஷயம். போர்டிகோவில் ஒரு பல்பு போடுங்கள். 9 வாட் எல்இடி. ராத்திரி 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் ஆறரை யூனிட்தான். அந்த ஒரு பல்பு செய்வதைக் கேமராவுக்குள் இருக்கும் சின்ன எல்இடிகளால் செய்ய முடியாது. வெளிச்சம் போதுமானதாக இருந்தால் கேமரா கலரிலேயே நிற்கும், சட்டை என்ன நிறம் என்பதாவது தெரியும். ஆனால் பல்பைக் கேமராவின் பக்கத்திலேயே மாட்டாதீர்கள், ஆறு ஏழு அடி தள்ளி மாட்டுங்கள். வருகிறவன் முகத்தில் விழுகிற மாதிரி வீட்டுப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். கேட் தூணில் மாட்டி அவன் முதுகில் அடித்தால் நிழல் உருவம்தான் கிடைக்கும். எப்போதும் எரிவது பிடிக்கவில்லை என்றால் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கு வைக்கலாம். திடீரென்று வெளிச்சம் வந்ததும் அவன் நிமிர்ந்து பார்ப்பான் பாருங்கள், முகம் கிடைப்பது அந்த ஒரு நொடியில்தான். அதற்குக் கேமரா எட்டு ஒன்பது அடி உயரத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் எந்தத் திருடனுக்கும் உச்சந்தலைதான், அதுவும் துண்டு கட்டியிருக்கும்.

பல்புக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் நிதானமாக, நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து எடுக்கிறது. நடக்கிற ஆள் நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகிறான். அந்த ஒரு படத்துக்குள்ளேயே 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். 15 சென்டிமீட்டர் முகத்தில் 6 சென்டிமீட்டர் இழுபட்டால் அது யார் முகம்? ஷட்டரை 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இழுபடும், ஆனால் படம் நான்கு மடங்கு இருட்டாகும். பல்பு இருந்தால் அதைத் தாங்கும். மெனுவில் டிஎன்ஆர் என்று பொரியைக் குறைக்கும் வசதி இருக்கும். அதை உச்சத்தில் வைத்திருந்தால் ஆளுக்குப் பின்னால் பேய் மாதிரி வால் தெரியும், நடுவில் வையுங்கள்.

அடுத்து சந்துக் கேமரா. இது போர்டிகோவுக்கு நேர் எதிர்க் கோளாறு. கேமரா சுவரை ஒட்டி மாட்டியிருக்கிறது, அதன் டார்ச் பக்கத்துச் சுவரிலேயே அடித்துத் திரும்பி லென்ஸுக்குள் வருகிறது. "ஏகப்பட்ட வெளிச்சம்" என்று கேமரா எல்லாவற்றையும் குறைத்துக்கொள்கிறது, சந்து இருட்டாகிறது. உங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளை அடித்த பிறகுதான் இது ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். சுவரை விட்டு ஒரு சாண் வெளியே தள்ளி, சுவர் படத்தில் கொஞ்சமும் வராதபடி திருப்புங்கள், போதும். பெயிண்டர் லென்ஸில் தூரிகை பட்ட புள்ளி வைத்திருக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இது சிரிப்புக்குச் சொல்லவில்லை. சுவர் மட்டுமில்லை, இலையும் இதைச் செய்யும். பச்சை இலை ஐஆர் ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். பகலில் கரும்பச்சையாக இருக்கும் வாழை இலை ராத்திரிப் படத்தில் வேட்டி உலர்த்தியது மாதிரி வெள்ளையாக நிற்கும். கேமராவுக்கு நேரே வாழையோ முருங்கைக் கிளையோ இருந்தால் அந்த ஒன்றை வெட்டிவிடுங்கள். காற்றில் ஆடி எச்சரிக்கை வருவதும் நிற்கும்.

மாட்டுக் கொட்டகைக்கு வருவோம். டெல்டாவில் கேமரா மாட்டுகிறவனுக்கு உண்மையான எதிரி திருடன் இல்லை, பூச்சி. மழை விட்ட ஐப்பசி ராத்திரி ஈசல் கிளம்பினால் படமே தெரியாது, பனி பெய்கிற மாதிரி இருக்கும். கணக்கைப் பாருங்கள். லென்ஸுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் பறக்கும் பூச்சி, 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைவிட 25 மடங்கு கிட்டே இருக்கிறது. அதன் மேல் விழுகிற ஐஆர் வெளிச்சம் 625 மடங்கு. கொசுவே கோழி சைஸில் தெரியும். பூச்சி வருகிறதே என்று சிலந்தி லென்ஸ் ஓரத்தில் வலை கட்டும், சிலந்தியைத் தேடிப் பல்லி வந்து கேமராவின் மேலேயே படுத்துக்கொள்ளும். ஒரே ஒரு இழை லென்ஸுக்கு முன்னால் ஆடினால் போதும், ராத்திரி முழுக்க உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

வயலில் விளக்குப் பொறி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். புகையான், தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி எல்லாம் விளக்கைத் தேடி வந்து விழும். இங்கேயும் விளக்கு லென்ஸை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். கேமராவின் சொந்த ஐஆரை மெனுவில் அணைத்துவிட்டு, தனியாக ஒரு ஐஆர் விளக்கை ஏழெட்டு அடி தள்ளி மாட்டினால் லென்ஸுக்கு முன்னால் பறக்கும் பூச்சிமேல் வெளிச்சம் விழாது. பூச்சி பறக்கும், படத்தில் தெரியாது. ஐஆர் விளக்கு வாங்கும்போது 850 நானோமீட்டர் அலைநீளம் கேளுங்கள். 940 கண்ணுக்கே தெரியாது, 850-ல் மங்கலான சிவப்புத் தெரியும். ஆனால் 940-ஐச் சென்சார் அவ்வளவாகப் பார்க்காது, எட்டும் தூரம் நன்றாகக் குறையும். சாதாரண பல்பு என்றால் வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும்.

அப்புறம், கொட்டகையில் இருப்பது டோம் கேமரா என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யோசனை அது? சாயங்காலம் கொசுவுக்கு மூட்டம் போடுவீர்கள். புகை அந்த பிளாஸ்டிக் மூடிமேல் படிந்துகொண்டே இருக்கும். படிந்த புகையிலும் தூசியிலும் ஐஆர் பட்டு உள்ளேயே சிதறி, படம் முழுக்கப் பால் கலந்தது மாதிரி ஆகிவிடும். டோமை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டுங்கள், கொட்டகைக்குக் குழல் வடிவ புல்லட் கேமராதான் சரி. மூடியைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் புது மூடிதான். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மெல்லிய ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். வலையை அம்மா வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் தட்டிவிட்டால் போதும், ஏணி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மார்கழி தை விடியற்காலை மூடுபனிக்கு மட்டும் முழு வைத்தியம் கிடையாது. பைக்கில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவராகத் தெரியுமே, அதேதான். தள்ளி வைத்த விளக்கு ஓரளவுக்கு உதவும்.

கொல்லைக் கேமரா கெட்டுப்போகவில்லை, பட்டினி கிடக்கிறது. பகலில் கேமரா கொஞ்சம்தான் மின்சாரம் எடுக்கும். இருட்டி ஐஆர் எரிந்ததும் அரை ஆம்பியர் வரை இழுக்கும். டிவிஆர் கூடத்தில், கேமரா கொல்லைக் கோடியில், நடுவில் 60 மீட்டர் ஒயர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். போக வர 120 மீட்டர். சன்னமான கம்பியில் அதற்கு 10 ஓம் மின்தடை. அரை ஆம்பியர் போனால் 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அனுப்பினால் 7 வோல்ட்தான் போய்ச் சேரும். கேமரா அணையும், அணைந்ததும் இழுப்பு குறைந்து வோல்ட் ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். நீங்கள் பார்த்தது இதைத்தான். கொல்லைப் பக்கமே ஒரு பிளக்கும் நல்ல 12 வோல்ட் அடாப்டரும் வைத்து அங்கிருந்தே மின்சாரம் கொடுங்கள். படத்துக்கு மட்டும் பழைய ஒயர் ஓடட்டும். பின்னால் எப்போதாவது ஐபி கேமராவுக்கு மாறினால் நெட்வொர்க் ஒயரிலேயே 48 வோல்ட் அளவில் மின்சாரம் போகும், 100 மீட்டர் வரை இந்தத் தொல்லை இல்லை. இணைப்புகளை மழை படாத பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் வெறும் பின்கள் பச்சை பூத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் ஊரில் அவ்வளவு இருக்காது.

போலீஸுக்குப் போகும்போது ஒன்று. கறுப்பு வெள்ளைப் பதிவை வைத்து "வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். சாயம் போட்ட கறுப்புத் துணி பல ஐஆரில் வெளிறித்தான் தெரியும். டிவி திரையைப் போனில் படம் பிடித்துக் கொடுப்பதும் வேண்டாம், மூலப் பதிவைப் பென்டிரைவில் எடுங்கள். டிவிஆர் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். 2024 ஜூலை முதல் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு 65பி என்றிருந்ததுதான் இது. தாமதிக்காதீர்கள். நான்கு கேமராவும் தலா நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 86 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பி மேலே மேலே எழுதிக்கொண்டு போகும். போன மாதப் பதிவை நீங்கள் தனியாக எடுத்து வைக்கவில்லை என்றால் இந்நேரம் போயிருக்கும்.

போர்டிகோ கேமராவைச் சாய்த்து, பல்பு போட்ட அன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து, கேட்டிலிருந்து போர்டிகோவுக்குச் சாதாரண நடையில் வந்து, ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நின்று போஸ் கொடுக்கக் கூடாது. அந்தப் பதிவின் மெயின் ஸ்ட்ரீமை, அவனைப் பார்த்தேயிராத உங்கள் சிங்கப்பூர் நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். கூடவே அந்தப் பையனின் போட்டோவை வேறு மூன்று நான்கு பையன்களின் போட்டோவோடு கலந்து கொடுங்கள். அவர் சரியாக எடுத்துக் காட்டினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் 6 மி.மீ. கேமரா ஒன்று வாங்குங்கள்.